வலி இல்லாத பெண்கள்

அலுவலக யோகா வகுப்புக்காக வாங்கிய பாயை விரித்ததும் எழுந்த ரப்பர் வாசனை, எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது தரைமட்டமாகிவிட்ட பிள்ளைக்காம்பராவுக்கு என்னைக் கொண்டுபோனது. பால்மாவும் ஈரச் சேலைத் தொட்டில்களும் ரப்பர் விரிப்புகளும் மணக்கும் அந்த அறையில், பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பிள்ளைகளை எடுக்க வந்த அம்மாமாரை வரிசையாக நிற்கவைத்து, தோட்டத்து நிர்வாகியான துரை டவுனிலிருந்து அழைத்துவந்த டீச்சர் ஒருவர் மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார்.

"யாருக்கெல்லாம் இடுப்பு வலி இருக்குங்க?" என்று அவர் அன்பாகக் கேட்டார்.

"கையத் தூக்காத புள்ள, பேரு வெட்டத்தான் கேக்குறாங்க," என்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராச் செல்வி அக்கா என் அம்மாவிடம் முணுமுணுத்தார். பேர் வெட்டினால் வேலை போய்விடும். தினமும் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொள்ளும் அம்மா, "எங்களுக்கு ஒன்னுமில்லைங்க டீச்சர்," என்றார்.

அடுத்து, குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார் டீச்சர். குனிந்த அம்மாவால் நிமிர முடியவில்லை. அதைக் கண்ட செல்வி அக்காவும் நிமிரவில்லை, பிறகு வரிசையில் ஒருவர்கூட நிமிரவில்லை. அம்மா சுவரைப் பிடித்து மெல்ல எழும்பிய பிறகே எல்லாரும் எழும்பினார்கள்.

"எவ்வளவு நேரம் குனிஞ்சு நிக்கிறீங்க! முன்னமே பழக்கமா?" என்று டீச்சர் வியந்தார்.

"பழக்கந்தாங்க," என்றார் செல்வி அக்கா. "தொரைகிட்டயும் அப்படியே சொல்லிருங்க."