செகண்டு ஓட்டும் ஏழாம் நம்பர்

என் பேத்திக்கு இன்னும் தலை நிற்கவில்லை. அதற்குள் பஸ் டிப்போவில் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். தேர்டு. அவள் அம்மாவை, அதாவது என் மகளை, அங்கே செகண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் அந்த டிப்போவில் பஸ் கழுவினவன். என் அப்பாவும் அதே வேலைதான். கழுவுகிறவன் பிள்ளை குழாயைப் பிடிக்கும், ஓட்டுகிறவன் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடிக்கும். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் மகளும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

கழுவின பஸ்ஸை ரிவர்ஸில் எடுத்து வரிசையில் சொருகுவதும் எங்கள் வேலை. டிரைவர் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். மகள் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கண்ணாடி உரசாமல் சொருகுவாள். அந்தத் தைரியத்தில் லைசென்ஸ் எடுத்து டிரைவர் வேலைக்கு மனுப் போட்டாள். சோதனை நாளில் பஸ் பெரிய ரோட்டில் ஏறியது. இஞ்சின் கதறுகிறது, இவள் கை செகண்டு கியரைத் தாண்டவில்லை. டிப்போ முற்றத்திலேயே பழகின கை, வேறென்ன செய்யும்? மறுமுறை தேறிவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வைத்தவர் மூத்த டிரைவர் மீசைக்காரர்.

பல வருஷம் காத்திருந்து ஏழாம் நம்பர் ரூட்டை வாங்கினாள். வாங்கின கையோடு வயிற்றில் பிள்ளை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு டிரைவர் மாதக்கணக்கில் வராவிட்டால் அவர் ரூட் அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பி வந்தால் யார் லீவு போடுவார்கள் என்று பார்த்துக் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

"விட்டுக்கொடுத்துடும்மா. அங்க எப்பவும் அப்படித்தான்" என்றேன்.

"எப்பவும்னா, எப்ப இருந்துப்பா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து."

"அப்ப யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சதுதானே."

மறுநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மீசை அண்ணே, கால் ஒடிஞ்சப்ப எத்தன மாசம் படுத்திருந்தீங்க?"

"அஞ்சு மாசம் இருக்கும். ஏன், இப்ப வந்து பிடிச்சு விடப்போறியா?"

"உங்க ரூட்டு போகலையே."

"எப்படிப் போகும்? இவனுங்கதான் ஆளுக்கொரு நாள் லீவுல வந்து ஓட்டிக் குடுத்தானுங்களே."

"தெரியும். அந்த பஸ்ஸை நான்தானே கழுவினேன். கால் ஒடிஞ்சா நிக்கிற ரூட்டு, புள்ள பெத்தா போயிடுமாண்ணே?"

மூலையில் இருந்த ஒருவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "அது விபத்தும்மா. எதிர்பாக்காம நடந்தது. இது…"

"இது? நானாப் போய் மோதிக்கிட்டேன்றீங்களா?"

அறையே சிரித்தது. நான் தூக்குச் சட்டியின் மூடியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கிழமை எனக்கு லீவு. ஏழாம் நம்பரை நான் எடுக்கிறேன்" என்றார் கடைசியில். "மத்தவனுங்க என்னடா மொகத்தைப் பாக்கறீங்க? ஆளுக்கொரு நாள் சொல்லுங்க."

விபத்து என்று சொன்னவர்தான் முதலில் செவ்வாய்க்கிழமை என்றார்.

இப்போது ஏழாம் நம்பர் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது, மகள் பெயரிலேயே. நான் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். யார் ஓட்டினாலும் கையை ஆட்டிவிட்டுத்தான் போவார்கள். பேத்தியின் தலை நின்றதும் மகள் தன் சீட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

போன வாரம் டிப்போவுக்குப் புதிதாக ஒரு பெண் டிரைவர் வந்திருக்கிறாளாம். பிள்ளை பெற்றால் ரூட் என்னாகும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள்.

"அது எங்கயும் போகாது" என்றாராம் மீசைக்காரர். "இங்க எப்பவும் அப்படித்தான்."