லிஃப்ட் மெக்கானிக் படியேறுகிறார்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "தொண்ணூத்தெட்டு" என்றார். நாடித்துடிப்பு. கேட்காமலே சொல்வார். எங்கள் கட்டடம் உட்பட நாற்பது கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர். வேலை நேரம் தவிர எந்த லிஃப்டிலும் கால் வைக்கமாட்டார். ஐந்தாம் மாடியில் எனக்கு எதிர்வீடு.

"சும்மா நிக்கிற மெஷின்தான் சார் முதல்ல துருப்பிடிக்கும்."

லிஃப்டுக்குள் ஒட்டும் பராமரிப்பு அட்டை போலவே ஒன்று அவர் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் இருக்கிறது. எண்ணெய் விட்டது, பிரேக் பார்த்தது என்று எழுதும் இடங்களில் ரத்த அழுத்தம், இடுப்பளவு, தூங்கிய மணி. கடைசிக் கட்டத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்து. அது மனைவியின் பொறுப்பு. சர்க்கரைக்கு வீட்டுக்குள் அனுமதியில்லை என்பதால் அந்த அம்மாள் காபி குடிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறார். "அவரு நூறு வயசு இருக்கட்டும். பச்சைக் காயத் தின்னே நான் போய்ச் சேந்துடுவேன்" என்பார், மூன்றாவது ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கியபடி.

ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தார். வயது ஐம்பத்தெட்டு, உடம்பின் வயது நாற்பத்தொன்பது என்று தாள் வந்தது. வீடு வீடாக இனிப்பு கொடுக்கவேண்டிய சேதி. வெள்ளரிக்காய் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்த மகள். இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடக் காவலாளி ஒருநாள், "பாப்பா, உங்க தாத்தா வந்துட்டாரு" என்று குரல் கொடுத்துவிட்டார். அன்றே அட்டை ஒட்டப்பட்டது.

"அவளுக்கு இருபத்தஞ்சு ஆகறப்ப எனக்கு எழுபத்தாறு சார். இருந்துடணும்ல?"

இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

லிஃப்டில் கோளாறென்றால் முதலில் கருவிப் பெட்டியைத் திறக்கமாட்டார். கதவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பேசாதீங்க, உள்ள என்னமோ முனகுது." மகளும் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் லிஃப்டை அவரே பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்தார். எப்போதும் அம்மாவோடு லிஃப்டில் போகிற மகள், "தூக்கிக்கோப்பா" என்று கையை நீட்டினாள். புத்தகப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். இரண்டு மாடி வரை ஒரே பேச்சு. மூன்றாம் மாடியில் பேச்சு நின்றது. நான்காம் மாடியில் அவரும் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார்; எண்ணைச் சொல்லவில்லை.

"என்னப்பா, முடியலையா?"

"சேச்சே. லிஃப்ட்ல ஏதோ சத்தம் கேக்குது. பேசாம இரு."

ஓடாத லிஃப்டின் கதவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானும் கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தாள்.