டவுன்ஷிப்பில் பெரியம்மா சொன்ன ஓம்

பெரியம்மா அமெரிக்காவில் ஒரு டவுன்ஷிப்பில் வீடு வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அம்மாவின் நடையே மாறிவிட்டது. டவுன் என்றால் அம்மாவுக்கு யாழ்ப்பாண டவுன்தான்: பஸ் நிலையம், புடவைக்கடை, கூல்பார், சனநெரிசல். அதோடு ஒரு ஷிப்பும் சேர்ந்தால் அது எவ்வளவு பெரிய டவுனாக இருக்கவேண்டும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்த எங்கள் மாடிக்கட்டடத்துத் தமிழ்ச் சனத்தில் ஒருவரையும் பாக்கி விடாமல் "அக்கா டவுனில இருக்கிறா" என்று சொல்லி முடித்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்கு அப்பா கார் ஓட்ட, எல்லை தாண்டிப் பகல் முழுக்கப் போனோம். கடைசிப் பகுதியில் பனியையும் மாட்டுக்கொட்டில்களையும் தவிர ஒன்றையும் காணவில்லை. பெரியப்பா வாசலில் நின்றார். அம்மா பட்டுச்சேலைப் பெட்டியோடு இறங்கி, "அத்தான், டவுன் எங்க?" என்று கேட்டார்.

"இதுதான்" என்று பெரியப்பா கையை விரித்துக் காட்டினார். அவர் காட்டிய பக்கத்தில் ஒரு சோளக்காடு இருந்தது. அதுவும் பனிக்கு அடியில் கிடந்தது.

பெரியப்பாவுக்கு அங்கே ஒரு காளான் பண்ணையில் வேலை. அந்த இடம் என்றால் அவருக்கு உயிர். அடுத்தநாள் காலை சீனிப்போத்தலையும் உப்புப்போத்தலையும் சாப்பாட்டு மேசையில் நகர்த்தி நகர்த்தி முழு டவுன்ஷிப்பையும் எனக்கு விளங்கப்படுத்தினார். மேற்கே ஓடை, கிழக்கே குன்று, நடுவில் பண்ணைகள். கடை இல்லை, போலீஸ் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, மேயரும் இல்லை. சனம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த மூன்று பேர்தான் அங்கே அரசாங்கம். ஒருவர் பள்ளி பஸ் ஓட்டுபவர், மற்றவர் பால்மாடு வளர்ப்பவர், தலைவி கோழிப்பண்ணைக்காரி. ரோட்டுக்குச் சரளை போடுவதும் பனி தள்ளுவதும்தான் அவர்களுக்கு இருந்த பெரிய தலையிடி.

அந்தத் தலையிடியில் பெரியப்பாவின் வீடும் மாட்டிக்கொண்டிருந்தது. அது ரோட்டின் நுனியில், குன்றோடு ஒட்டியிருந்த ஒற்றை வீடு. ஒரு வீட்டுக்காக அந்தத் துண்டு ரோட்டில் இனிமேல் பனி தள்ளுவதில்லை என்று ஒரு தீர்மானம் வரப்போகிறதாம். சனிக்கிழமை காலை கூட்டம். அது நிறைவேறினால் பனிக்காலத்தில் காரை வெளியே எடுக்க முடியாது. வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும்.

"ஊரில சண்டைக்குள்ள எத்தினை வீட்டை விட்டு எழும்பினனான். இனி ஏலாது" என்றார் பெரியப்பா. பெரியம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். நாங்கள் வந்ததிலிருந்து அவர் அம்மாவை விட்டு அசையவில்லை. மொன்றியலில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, கோயிலுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரோட்டுக் கதை வந்தால் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார்.

கூட்டம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் நடந்தது. கொண்டுவந்த பட்டுச்சேலையைக் கட்ட அம்மாவுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. சேற்றுச் சப்பாத்தோடு இருந்த விவசாயிகளுக்கு நடுவில் அவர் மட்டும் கலியாணவீட்டுக்கு வந்தவர்போல இருந்தார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் இடையில் நான். பெரியப்பா எழும்பினார். ரோட்டு, பனி, வேலை என்று இங்கிலீசில் நன்றாகத்தான் தொடங்கினார். "இது எங்கள்..." என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. வளர்ந்த மனிதர் ஒருவர் இத்தனை பேருக்கு முன்னால் அப்படி நிற்பதை நான் அதுவரை கண்டதில்லை.

அம்மா என் தலைக்கு மேலால் சரிந்து, "அக்கா, இது சரிவராட்டி எங்களோட மொன்றியலுக்கு வந்து இருக்கிறியளோ?" என்று மெல்லக் கேட்டார்.

பெரியம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஓம்" என்றார். அது அம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, "ஓம், ஓம்" என்று திரும்பவும் சொன்னார். அழுகையோடு வந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

மொன்றியலில் என் வகுப்புப் பிள்ளைகளின் காதில், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம், பிரெஞ்சில் ஆம்பிளை என்று விழும். அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தச் சனத்தின் காதில் வேறுமாதிரி விழுந்தது. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு "ஹோம்" என்று மெதுவாகச் சொன்னார். பெரியப்பா விட்ட வசனத்தைப் பெரியம்மா முடித்துவைத்ததாக அவர் நினைத்துவிட்டார். இது தங்கள் வீடு என்கிறார், இதற்குமேல் என்ன கேட்கக் கிடக்கிறது என்று மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். தீர்மானத்தைக் கைவிட மூன்று கைகளும் உயர்ந்தன.

சனம் கைதட்டியது. பெரியம்மா பாதி எழும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது பெரியப்பா திரும்பி அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை அவர்களுடைய கலியாணப் படத்தில்கூட நான் கண்டதில்லை. பெரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பஸ்காரர் வந்து கை குலுக்கினார், யாரோ ஒரு பை நிறைய ஆப்பிளைப் பெரியம்மாவின் மடியில் வைத்தார்கள். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

எனக்கோ சிரிப்பை அடக்கமுடியவில்லை. எங்கள் வீட்டு ஓம் ஒரு ரோட்டையே காப்பாற்றிவிட்டதே. அம்மா மட்டும் திரும்பி வரும்போது எல்லைவரைக்கும் அழுதுகொண்டே வந்தார். "வெண்டிட்டம்தானே, ஏன் அழுறியள்?" என்று கேட்டேன்.

"சந்தோசத்தில, பிள்ளை" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

இப்போதும் உறவினர் கூடும் இடத்தில் பெரியப்பா இந்தக் கதையை எடுப்பார். "நான் கதைக்கேலாமல் நிக்கிறன். உங்கட பெரியம்மா ஒரு சொல்லில வீட்டைக் காப்பாத்திப் போட்டா" என்பார். "சும்மா இருங்கோ" என்று பெரியம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அந்த நேரத்தில் எனக்குப் பெரியம்மாவைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருக்கும். அன்று அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தவள் நான். கேள்வியும் கேட்டது, பதிலும் கேட்டது. அவர் ஓம் என்றது எங்களோடு வந்துவிடுவதற்கு என்பது மட்டும் ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.