இரண்டு டப்பாக்களில் அப்பனும் மகனும்

செங்கல் வந்து விழுந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு மொத்தமாக உதிர்ந்தது. எண்பதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று ஊர்வலம் போகாத கட்சி இல்லை. அதனால் அவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று நாங்கள் ஐந்து பேரும் மேஜைக்கு அடியில் புகுந்தோம். மேனேஜர் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பாசம் எல்லாம் அதன் மேல்தான்.

ஊர்வலம் ஒன்றும் வரவில்லை. வாசலில் ஒரே ஒரு பெண் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியெல்லாம் சிமென்ட், கையில் இன்னொரு செங்கல்.

"மெசினுல பேரு போட்டவ எவ? வெளிய வாடி!"

எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில் கோபம். எழுந்து போய், "நான்தான் போட்டேன். அதுக்கென்ன இப்ப?" என்றேன். அவள் செங்கல்லைக் கீழே போட்டுவிட்டு என் பின்னலைப் பிடித்து இழுத்து, தலையைக் கதவு நிலையில் மோதினாள். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். நானும் சும்மா இருக்கவில்லை. அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் எங்களைப் பிரித்து விட்டபோது அவள் உதட்டிலும் என் நெற்றியிலும் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"எம் மவன ரெண்டு நாளா டேசன்ல வச்சு அடிச்சே கொல்லுதானுவ. ஒம் மெசினு சொல்லிச்சாம்லா, அவந்தான்னு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கரமனை ஆற்றங்கரையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வேலைக்காரர்கள் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியவர்கள். சிமென்ட் லாரி வந்தால் மூட்டையை இறக்கும் உரிமை அந்தப் பகுதி லோடிங் தொழிலாளிகளுக்குத்தான். மற்றவன் தொட்டால் ரகளை. அன்றைக்கு அவர்கள் வரத் தாமதமாக, மேஸ்திரி தன் தமிழ் ஆட்களில் ஏழு பேரை லாரியில் ஏற்றி மூட்டைகளை இறக்கிவிட்டார். அப்புறம் வந்தவர்கள் கம்பியால் அடித்தார்கள். இவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தார்கள். யாரோ ஒருவன் மண்வெட்டிக் காம்பால் ஒரு லோடிங்காரர் மண்டையைப் பிளந்துவிட்டான். அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அடித்தவன் முகம் யாருக்கும் தெரியவில்லை, ஏழு பேர் முகத்திலும் சிமென்ட் அப்பியிருந்தது. லாரியில் ஏறிய ஏழு பேர் பட்டியலைப் போலீஸ் கான்ட்ராக்டரிடம் கேட்டது. அவருடைய வருகைப் பதிவேட்டை வாரா வாரம் மெஷினில் ஏற்றுவது நாங்கள். அன்றன்றைக்கு யார் என்ன வேலை செய்தார்கள் என்பதும் அதில் இருக்கும். ஐந்தே நிமிஷத்தில் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். வாங்க வந்த போலீஸ்காரர் அந்தத் தாளைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பட்டியலை எடுத்தது 'ஆக்' என்கிற சின்ன மொழியில் நான் எழுதிய எட்டு வரி புரோகிராம். அதில் ஒரு கட்டளை உண்டு. ஒரு நீள வரியைக் கொடுத்தால், எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டி, துண்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்ட டப்பாக்களில் வரிசையாகப் போட்டுவிடும். பிறகு நமக்கு எது வேண்டுமோ அந்த டப்பாவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். வெட்டுவது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கோழிக்கடைக்காரனுக்குக்கூட அத்தனை வேகம் வராது. முதல் டப்பாவில் ஆளின் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர் என்று வைத்திருந்தேன். மலையாளி ஆட்கள் எல்லாருக்கும் அது சரியாகவே வந்தது. ஒரு தமிழ் ஆளின் வரியையாவது சரிபார்த்தேனா என்றால், இல்லை.

பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் தரையில் விரித்தேன். நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "உங்க மகன் பேரு என்ன அக்கா?" என்றேன்.

அவள் முந்தானையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

"வீட்டுக்காரர் பேராவது சொல்லுங்க."

உதட்டை இறுக்கிக்கொண்டாள். எனக்குத் திரும்பவும் பற்றிக்கொண்டு வந்தது. "கல்லெறிய மட்டும் வாய் இருக்கு, பேர் சொல்ல வாய் இல்லையா?" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மாவும் என் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பெரியவன்' என்றுதான் கூப்பிடுவாள். அண்ணனுக்கு வைத்தது எங்கள் அப்பாவுடைய அப்பா பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. புருஷன் பெயரைச் சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அடுத்த நிமிஷம் மற்றதும் விளங்கிவிட்டது.

மலையாளிகளுக்கு முதலில் தன் பெயர், பின்னால் அப்பா பெயர் அல்லது வீட்டுப் பெயர். தென்காசிக்கார மேஸ்திரியோ, நாம் இனிஷியல் போடுகிற மாதிரி, தமிழ் ஆட்களுக்கு அப்பா பெயரை முதலிலும் அவனவன் பெயரை அடுத்தும் எழுதி வைத்திருந்தார். என் புரோகிராம் அத்தனை பேரையும் தலைகீழாக்கி, அவரவர் அப்பன் பெயரைச் சூட்டியிருந்தது. பட்டியலில் முதல் ஆறு பேரைத் தேடிப் போலீஸ் கொட்டகைக்குப் போனபோது, அப்படி ஒருவனும் இங்கே இல்லை என்று எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஏழாவது வரியில் இருந்தவர் இவள் புருஷன். அவர் வரியைத் திருப்பிப் போட்டால், மகனுக்கு வைத்த தாத்தா பெயர் ஆளின் பெயராகவும், அவர் பெயர் அப்பா பெயராகவும் வரும். அப்படியே ஒருத்தன் கொட்டகையில் இருந்தான். இவள் மகன். ஆறு பேர் எங்கே என்று கேட்டு அவனை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேருடைய செத்துப்போன அப்பன்மார் எங்கே இருக்கிறார்கள் என்று அவன் எப்படிச் சொல்வான்?

"அன்னைக்கு உங்க மகன் லாரியில ஏறலையா?"

"அவன் ஸ்ரீவராகத்துல வேற வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தான்."

"வீட்டுக்காரர்?"

அவர் ஏறினார் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"மண்டைய ஒடைச்சது அவரா?"

அவள் மடியில் ஒட்டிய கண்ணாடிச் சில்லை எடுத்து ஓரமாக வைத்தாள். "ரெண்டு நாளா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. கஞ்சி குடிக்கல. எந்திரிச்சிப் போயி நாந்தான்னு சொல்லவும் இல்ல. பெத்த புள்ள அங்க கெடந்து சாவுதான், இந்த மனுசன் கெடக்காரு" என்றாள்.

நான் சரியான பட்டியலைப் போட்டேன். மேனேஜர் வந்து, "நம்ம புரோகிராமில ஒரு தெற்றும் இல்லை கேட்டோ, டேட்டாதான் தப்பு. ஆபீஸ் பேரை ஸ்டேஷன் வரை இழுக்காதே" என்றார். கீழே கிடந்த செங்கல்லை எடுத்து அவர் மண்டையில் போடலாம் போலிருந்தது. "தப்பு என்னோடது சார். தமிழச்சிதானே நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன்.

ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். கொட்டகையைத் தாண்டியதும் நூறடி பின்னால் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். நான் திரும்பினால் நின்றுவிடுவார். அவள் திரும்பவே இல்லை. ஆனால் யார் வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவள் நடையிலேயே அது எனக்குத் தெரிந்தது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவர் எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பின்னறையில் அடி விழும் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போன்ற சத்தம். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் தாமதித்து ஒரு கத்தல். கதவு பாதி திறந்திருந்தது. அவள் மகனைத் தரையில் கிடத்தி, கைவிரல்களின் மேல் ஒரு போலீஸ்காரர் பூட்ஸோடு ஏறி நின்றார். இன்னொருவர் உள்ளங்காலில் லத்தியால் அடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயது. அந்த விரல்களில் மூன்று பிறகு மடங்கவே இல்லை என்று கேள்விப்பட்டேன். அது மெஷினில் நான் வெட்டிய வெட்டுதான், வேறு யார் மேலும் பழி போட எனக்கு மனசில்லை.

இன்ஸ்பெக்டர் என் தாளைப் பார்த்துச் சிரித்தார். "கம்ப்யூட்டரினு தெற்றுமோ?"

பெயர்கள் மாறிய விதத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "செரி. பர்த்தாவு ஆரு, மகன் ஆரு, இவள் பறயட்டெ. ஞான் எழுதாம்."

"அவங்க சொல்ல மாட்டாங்க சார். நான் சொல்றேன், வீட்டுக்காரர் பேரு..."

என் வாயை அடக்க லத்தியை மேஜையில் அடித்தார். மைக்கூடு உருண்டு விழுந்து உடைந்தது. "நீ மிண்டாதெ. அவள் பறயட்டெ."

அவள் மகன் பெயரைச் சொன்னாள். மாமனார் பெயர்தான், தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள். புருஷன் பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். சொல்லக்கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. சொன்னால் பின்னறையில் மகன் கிடந்த இடத்தில் அந்த மனுஷன் போய்க் கிடக்க வேண்டும். சொல்லாவிட்டால் மகன் அங்கேயே கிடப்பான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள்.

"கேட்டில்லா. உறக்கெப் பற." சத்தமாகச் சொல்லச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே மறுபடி அடி விழுந்தது. இந்தத் தடவை அவன் 'அம்மா' என்று கத்தினான்.

அவள் முந்தானையை எடுத்துவிட்டு, இருபத்தைந்து வருஷமாக ஒரு தரமும் சொல்லாத அந்தப் பெயரை, ஸ்டேஷன் சுவர் அதிரக் கத்தினாள். வாசலில் காவல் நின்றவர்கூடத் திரும்பினார்.

டீக்கடை பெஞ்சிலிருந்து அந்த ஆள் சட்டென்று எழுந்தார். "என்னளா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டே சாலையைத் தாண்டி வந்தார்.