உறுமும் ஜீப்பும் மூன்று சந்தேகப் பிராணிகளும்

மெக்கானிக் தொழில்ல வண்டியைக் கழட்டறது சுலபம். வண்டிக்காரர் மனசுல இருக்கிற சந்தேகத்தைக் கழட்டத்தான் ஸ்பானர் கிடையாது. ரிப்பேர் கடை வெச்சு அவதிப்பட்டவங்களுக்கு இதை நான் சொல்லவே வேணாம்.

ஸ்டூல் போட்டுக் காவல்

யுத்தம் முடிஞ்சப்புறம் பட்டாளத்து ஜீப்புங்களை ஏலம் விட்டாங்க இல்லியா, அதுல ஒண்ணை எங்க ஆம்பூர் பட்டை முதலாளி எடுத்தார். ஆலங்காயம் பக்கத்துலேர்ந்து ஆவாரம்பட்டை கொண்டாந்து, தோல் பதனிடுற ஷாப்புங்களுக்குக் கொடுக்கிறவர். "காலை எடுத்தாலும் ஆக்சிலேட்டர் அடங்கல, பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது"ன்னு என் ஷெட்டுக்கு வந்தார்.

டேஷ்போர்டுல இருந்த எலுமிச்சம்பழக் கயித்தை முதல்ல அவரே அவுத்து மடியில வெச்சுக்கினார். அமாவாசைக்கு அமாவாசை மாத்துற திருஷ்டிப் பழம். வேற கை படக்கூடாதாம். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் விரலையே பார்த்துக்கினு உக்காந்தார். ஆக்சிலேட்டர் ஸ்பிரிங்கை மாத்தி, கம்பிக்கு எண்ணெய் விட்டு ஸ்டார்ட் பண்ணேன். என்ஜின் அடங்கிச்சு. பழைய ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கிப் பையில போட்டுக்கினு சொன்னார்: "நல்லதை எடுத்துக்கினு ஓட்டையை மாட்டியிருந்தியோ, அப்புறம் இருக்குது உனக்கு!"

சட்டையில வாசனை

வாரம்கூட ஆகல, ஜீப்பு திரும்பவும் உறுமிக்கினே வந்துது. முதலாளி பழத்தை அவுத்தார். நான் ஸ்டார்ட் பண்ணா என்ஜின் சாதுவா நிக்குது. பேஜாராப் போச்சு. முதலாளி என்னைக் கைகாட்டி, "மேஸ்திரிகிட்ட ஒழுங்கா இருக்கிற வண்டி உன்கிட்ட மட்டும் எப்படிக் குடிக்குது? பெட்ரோலை எங்கே விக்கறே?"ன்னு டிரைவர் காதர் பாயைப் புடிச்சுக்கினார்.

காதர் பாய் முன்னே தோல் ஷாப்புல, தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில வேலை செஞ்சு காலெல்லாம் வெந்துபோனவர். இந்த வேலை போச்சுன்னா திரும்பத் தொட்டியிலதான் இறங்கணும். நான் மட்டும் லேசுப்பட்டவனா? பெட்ரோல் வாசனை வருதான்னு கிட்டப் போய் அவர் சட்டையை மோந்து பார்த்தேன். மனுஷன் பொங்கிட்டார்: "வண்டி அடிக்கடி வரணும்னு நீதான் இன்னாவோ பண்றே மேஸ்திரி, என் வயித்துல அடிக்காதே!"

ஆலங்காயம் ரோடு

"நீயும் வண்டியில வா. இன்னிக்கும் குடிச்சுதுன்னா பாய்க்கு இதோட வேலை இல்லே"ன்னார் முதலாளி. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இடுக்கிக்கினேன். ஷெட்டைத் தாண்டினதும் முதலாளி பழத்தைக் கட்டினார். அவுக்கிறதைத்தான் நான் பார்த்திருக்கேன், கட்டுறதை அன்னிக்குத்தான் பார்த்தேன். பழம் ஆடக்கூடாதுன்னு, கயித்தோட ஒரு முனையை ஸ்டீரிங் தண்டுலயும், இன்னொண்ணை எதிர்ல டேஷ்போர்டுல இருந்த ஒரு குமிழ்லயும் விறைப்பா இழுத்துக் கட்டினார். உடனே உறுமல் ஆரம்பிச்சுது. காதர் பாய் முகம் செத்துப்போச்சு.

ஆலங்காயம் போற வழியில ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுது. கயிறு அறுந்து பழம் என் காலடியில விழுந்துது. குமிழ் டக்குனு உள்ளே போச்சு, உறுமலும் நின்னுது. அடப்பாவி! அது கை ஆக்சிலேட்டர். வெளியே இழுத்து வெச்சா, கால் வைக்காமலே என்ஜின் வேகமா ஓடும். இத்தினி நாளா அதை இழுத்துக் கட்டினவர் முதலாளிதான்!

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள முதலாளி பழத்தை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினார். "பாத்தியா, திருஷ்டியை வாங்கிக்கினு அறுந்துபோச்சு! பாய், உன் மேல தப்பில்லே, வேலையைப் பாரு. ஆமா, என் வண்டிக்குக் கண்ணு வெச்சவன் எவன்?"ன்னு என்னைத் திரும்பிப் பார்த்தார். காதர் பாய் கண்ணுல தண்ணி நிக்குது. என் தொடையைக் கிள்ளி, காதோரமா சொன்னார்: "சும்மா இரு மேஸ்திரி, அடுத்த அமாவாசைக்குக் கயிறு மட்டும் நீளமா வாங்கிக் குடுத்துடலாம்."

அன்னையிலேர்ந்து ஆக்சிலேட்டர் அடங்கலன்னு எந்த வண்டி வந்தாலும், நான் முதல்ல சந்தேகப்படறது டிரைவரையும் இல்லே, ஸ்பிரிங்கையும் இல்லே, முதலாளி மடியில வெச்சுக்கினு உக்காந்திருக்கிறதைத்தான்.