திருப்பி அனுப்பிய பெட்டிகள்

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஆபீஸில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியது எப்படி என்று நீங்கள் கேட்டதே இல்லை. கேட்காமல் இருக்கும்வரை நல்லதுதான் என்று நானும் இருந்துவிட்டேன். இப்போது பேப்பரைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் கோபப்படுகிற வயசு. வேறு யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறி, ஆற்றைத் தாண்டிப் போய், போலீஸ் கேஸ்களின் தடயங்களைச் சோதிக்கிற ஒரு கூடத்தில் வேலை பார்த்தேன். சோதிப்பவர்கள் உள்ளே இருந்த படித்தவர்கள். நான் வாசல் கவுன்ட்டரில் பார்சல் வாங்குகிறவன். ஒரு பெண் தனக்கு நடந்த கொடுமையைப் பற்றிப் புகார் கொடுத்தால், டாக்டர் அவள் உடம்பிலிருந்தும் உடுப்பிலிருந்தும் எடுத்த தடயம் ஒரு பெட்டியில் எங்களுக்கு வரும். பெட்டியைத் துணியால் சுற்றித் தைத்து, தையல் மேல் சிவப்பு அரக்கை உருக்கி, ஸ்டேஷன் முத்திரையைக் குத்தியிருப்பார்கள். கூட வருகிற கடிதத்திலும் அதே முத்திரை இருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று நான் பார்க்க வேண்டும். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அந்தப் பெட்டிகள் குளிர் அறையில் ராக்கை நிறைத்து, தரையையும் நிறைத்துக் கிடந்தன. புகார் கொடுத்த பெண்களில் சிலருக்கு இதற்குள் கல்யாணமாகிக் குழந்தை பிறந்து, அது ஸ்கூலுக்கும் போயிருக்கும். பெட்டி மட்டும் ஏ.சி.யில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது: நிலுவையைக் குறையுங்கள். சாதாரண மூளை என்றால் ஆள் கேட்கும், மெஷின் கேட்கும். எங்கள் அதிகாரிக்கு அதைவிடப் பெரிய மூளை. குறை எழுதித் திருப்பி அனுப்பிய பெட்டியும் முடிந்த கணக்கில்தான் வரும் என்று அவர் கண்டுபிடித்தார். சோதிக்க நாலு நாள். திருப்பி அனுப்ப நாலு நிமிஷம்.

குறை கண்டுபிடிக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. டாக்டர் கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லையா, அனுப்பு. கடிதத்தில் ஆறு உருப்படி, பெட்டி மேல் ஏழா, அனுப்பு. எல்லாவற்றிலும் உசத்தி, ‘முத்திரை தெளிவாக இல்லை’ என்பது. அதை எதிர்த்து யாரும் வாய் திறக்க முடியாது. டீ நேரத்தில் எல்லாரும் என் கண்ணை எக்ஸ்ரே என்று புகழ்ந்தார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டேன். ராக்குகள் காலியானதும் அதிகாரி எனக்குச் சால்வை போர்த்தினார். சோதனைக்கூடத்தில் எதையும் சோதிக்காததற்காகச் சால்வை வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார், ‘நிலுவை: பூஜ்யம்’ என்று பேனரும் அடித்தாகிவிட்டது என்கிற நிலைமையில், பச்சைமலைப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்தார். இரண்டு பஸ் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வருகிறவர். ஏற்கெனவே இரண்டு தடவை அதே பெட்டியை, முத்திரை சரியில்லை என்று நான் திருப்பியிருந்தேன். இந்தத் தடவை கவுன்ட்டரில் வைத்தவர், அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“அண்ணே, இதையும் திருப்புறதா இருந்தா நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.”

எழுத்தே தெரியவில்லையே அம்மா, நான் என்ன செய்ய என்றேன்.

“தெரியாதுண்ணே. எங்க முத்திரை தேஞ்சுபோச்சு. புதுசு கேட்டு எழுதிப் போட்டிருக்கோம். அதுவும் நிலுவையிலதான் இருக்கு.”

பின்னால் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் சிரித்துவிட்டார். வந்தவர் சிரிக்கவில்லை. புகார் கொடுத்த பெண், மரவள்ளி போட்டுப் பிழைக்கிற குடும்பம். செய்தவனுக்கே அவளைக் கட்டிவைத்துவிடலாம், ஆவணியில் முதல் முகூர்த்தம் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். ரிப்போர்ட் வரட்டும் என்ற ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவள் அப்பா தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அப்போதே ஆடி பாதி போய்விட்டது.

“பெட்டி திரும்பி வர்றப்பல்லாம் ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமாண்ணே? ‘பாத்தியா, ஒண்ணும் நடக்கலைன்னு திருச்சியிலேயே திருப்பிட்டாங்க’ங்குறாங்க. சீலுக்காகத் திருப்புனாங்கன்னு நான் சொன்னா எவன் நம்புறான்?”

பெட்டியையும் கடிதத்தையும் ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். எழுத்து இரண்டிலும் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஓரம் உடைந்திருந்தது. ஒரே கோடு குறுக்கே ஓடியிருந்தது. தேய்ந்தது தேய்ந்ததோடு அச்சாகப் பொருந்தியது. முத்திரையைப் படிக்கச் சொல்லியா என்னை வேலைக்கு வைத்தார்கள்? இரண்டும் ஒன்றா என்றுதானே பார்க்கச் சொன்னார்கள். அதை மட்டும் நான் செய்யவே இல்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதிகாரி கூப்பிட்டார். “என்னய்யா, பூஜ்யம்னு அடிச்சாச்சு. இன்னைக்குப் பாத்து ஒண்ணைச் சேத்துட்டு வந்து நிக்கிறே. நாளான்னைக்கு வாங்கினா ஆகாதா?”

“ரசீது கொடுத்துட்டேங்க சார்.”

கடைசியில் பூஜ்யத்தின் மேல் வெள்ளைப் பேப்பர் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று என்று எழுதினார்கள். வந்த மேலதிகாரி, ஒன்றுதானே, அதையும் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். ராக்கில் வேறு பெட்டியே இல்லாததால், உள்ளே இருந்த மேடம் அந்த வாரமே சோதித்தார். எங்கள் கூடத்தில் அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன்னால் யாரும் கண்டதில்லை. தடயம் அவன் ரத்த மாதிரியோடு பொருந்துகிறது என்று ரிப்போர்ட் போனது. ஆடி முடியவில்லை.

பெண் போலீஸ் போன் செய்தார். கல்யாணம் கிடையாது, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அப்பா ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டாராம். ரொம்ப நன்றிண்ணே என்றார். இரண்டு தடவை கதவைச் சாத்தினவனுக்கு, மூன்றாம் தடவை சாத்தாததற்கு நன்றி.

போனை வைத்த பிறகுதான் மற்றப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. அவை எல்லாம் அந்தந்த ஸ்டேஷன் அறையில், குளிர்ச்சி இல்லாமல், தூசிக்கு நடுவே கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர் உண்டு. திருப்பிட்டாங்க பாத்தியா என்று சொல்ல ஆளும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு புத்தூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். ஆபீஸ் ரிஜிஸ்தரைப் பார்த்து, முத்திரையைக் காரணம் காட்டித் திருப்பிய ஸ்டேஷன்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு முதல் நம்பருக்குப் போன் போட்டேன். யார் பேசுறது என்று கேட்டார்கள்.

“உங்க பெட்டியைத் திருப்பி அனுப்பினவன் பேசுறேங்க. குறை உங்க பேர்ல இல்லை. மறுபடி கொண்டு வாங்க, வாங்கிக்கிறேன்.”

எந்தப் பெட்டி என்றார்கள். நம்பரைச் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொள்கிறவரை காத்திருந்துவிட்டு, தாளில் அடுத்த பெயர் மேல் விரலை வைத்தேன்.