செல்வியின் குளம்பும் என் ளகரமும்

சபையார் எல்லோருக்கும் வணக்கம். ஒரு குதிரையை முன்னிட்டு ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வருகிறேன். நான் தென்காசியில் தமிழ் வாத்தியார், குடியிருப்பது அச்சன்புதூர். நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஜெப விண்ணப்பங்களுக்குப் பிழை திருத்துவதையே ஊழியமாகச் செய்துவந்தவன். எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. கௌரவம் விடவில்லை.

செல்வி குற்றாலத்தில் சீசனுக்குப் பிள்ளைகளைச் சுமந்த குதிரை. வைத்திருந்தவர் ஊரைவிட்டுப் போனபோது என் மனைவி எஸ்தர் பாவம் பார்த்து வாங்கினாள். இந்த ஆனிச் சாரலில் செல்வியின் முன்னங்குளம்பில் ஆணி ஏறிச் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் வந்து சீழை வெளியேற்றி ஊசி போட்டார். "தினம் ரெண்டு வேளை வெந்நீர்ல எப்சம் உப்பு போட்டுக் கால முக்கி வைங்க. பெறவு துடைச்சு, ஈரம் படாம கட்டுங்க. சீழ் எலும்புக்குப் போயிட்டா ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

செல்வி காலைத் தரவில்லை. நான் குனிந்தால் என்மேல் சாய்ந்தாள். வாளி உருண்டது. நானும் உருண்டேன். மூன்றாம் நாள் அவள் புல்லைத் தொடவில்லை. மூன்று காலில் நின்றபடி என்னையே பார்த்தாள். எஸ்தர் அழுதாள். நான் படித்த புத்தகம் எதிலும் இதற்கு வழி இல்லை. ஈரத் தரையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியல." அவ்வளவுதான் வந்தது.

எழுந்து, முதல் தடவையாகக் குழுவில் எழுதினேன்: "எங்கள் குதிரையின் குழம்புக்காக ஜெபியுங்கள். இரண்டு நாளில் முடிவு தெரியும்."

கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. ஒரு சகோதரி மட்டும் கேட்டிருந்தார்: "குதிரைக்கு விரிகுளம்பு கிடையாதே அண்ணே, வேதப்படி நாம திங்கலாமா?" குளம்பை அவர் சரியாக எழுதியிருந்தார்.

அரைமணியில் வாசலில் குடை. சாலமோன் அண்ணாச்சி. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பேரனுக்காக அவர் கேட்ட விண்ணப்பத்தை நான் திருத்திப் போட்ட நாளிலிருந்து இரண்டு வருடமாக என்னிடம் பேசாதவர்.

"ஓய் வாத்தியாரே! வளத்த குதிரைய அடிச்சுத் திங்கதுக்கு ஜெபம் வேற கேக்கீரா?"

போனைப் பார்த்தேன். ளகரம் இருக்க வேண்டிய இடத்தில் ழகரம் உட்கார்ந்திருந்தது. "கால் குளம்பு, அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகம் மெல்ல மாறியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் திருத்துதீரு, ஒமக்கு ளகரம் வரலியோ? சரி, எங்கன நிக்கா அவ?"

நான் காலைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மூஞ்சிக்கு நேரா நின்னா எவ தருவா? வாலைப் பாத்து நில்லும்வே." செல்வியின் தோளோடு தோள் சாய்ந்து, கையை அவள் காலில் கீழே தடவிக்கொண்டே போய், பின்நரம்பை லேசாகக் கிள்ளினார். செல்வி காலைத் தூக்கிக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கழுவி முடித்ததும், குளம்பைச் சுற்றிக் கட்டக் குழந்தைகள் டயப்பர் வாங்கிவரச் சொன்னார். "பாப்பா எத்தனை கிலோ சார்?" என்றார் மெடிக்கல்காரர். முந்நூறு இருக்கும் என்றேன்.

அண்ணாச்சி தினமும் வந்தார். ஐந்தாம் நாள் சீழ் நின்றது. பதினோராம் நாள் செல்வி நான்கு காலையும் ஊன்றி வேலிவரை நடந்தாள். எஸ்தர் பின்னாலேயே கைதட்டிக்கொண்டு போனாள்.

நான் சரியாக எழுதியிருந்தால் எனக்கும் கைகூப்பும் படங்களோடு முடிந்திருக்கும். அண்ணாச்சி வந்திருக்க மாட்டார். என் பிழையை ஆண்டவர் திருத்தவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டார். அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது குழுவில் ஒரு விண்ணப்பம் வந்தால் பேனாவைத் தேடுவதில்லை, ஜெபிக்கிறேன்.

உங்கள் கைக்கு மிஞ்சிய காரியம் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். தெரியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். நாலு பேரிடமும் சொல்லுங்கள். யாரை அனுப்புவார் என்று மட்டும் நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம். செல்வி மேயப் போகிறாள். அண்ணாச்சி எங்கள் வீட்டில் காபி குடிக்கிறார். இரண்டுக்கும் ஸ்தோத்திரம்.